குளிரில்லாக் கடலில் நெடுநீச்சல்

காட்டாங்குளத்தூர் ரயில் நிலையத்திலிருந்து நேர்கிழக்கே ஒரு கோடு இழுத்தால், இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில் அது கோவளம் கடற்கரையில் போய் முட்டும். பொத்தேரி, மறைமலை நகர் பக்கம் படிப்புக்கும் வேலைக்கும் வந்திருக்கும் இளைஞர்களில் நீச்சல் பழகுகிறவர்கள் பலர். குளத்தில் நிற்காமல் ஆயிரம் மீட்டர் போக முடிந்துவிட்டால், அடுத்து மனம் கேட்பது கடலைத்தான். கைபேசியில் தேடிப் பார்க்கிறார்கள். உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொள், பனிக்கட்டித் தண்ணீரில் குளித்துப் பழகு, நடுக்கம் வந்தால் உடனே கரையேறு என்று வரிசையாக அறிவுரைகள் வந்து விழுகின்றன. எல்லாம் இங்கிலீஷ் கால்வாய்க்காரர்களுக்குச் சொன்னவை. அந்தக் கால்வாய் கோடையிலேயே 15 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். சென்னைக் கடலோ ஜனவரியில்கூட 26 டிகிரியை ஒட்டி நிற்கும். மே மாதத்தில் 30 டிகிரிக்குப் போய்விடும். இங்கே நீந்துபவரைச் சோதிப்பவை வெப்பமும் நீரோட்டமும்.

இரண்டு கடலுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரே மனிதரின் வாழ்க்கை சாட்சியாக இருக்கிறது. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறைக்காரர் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, வந்த வழியே திரும்பவும் நீந்திப் போனார். மொத்தம் 51 மணி நேரம். இரண்டு இரவுகளைத் தண்ணீரில் கழித்த அந்த உடம்பு, 1984 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரை விட்டது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள இந்தப் பாக் நீரிணையை முதலில் கடந்தவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்தான். தொண்டைமானாறு நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடியக்கரையில் ஏறினார். இந்திய நீச்சல் வீரர் மிகிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்தார். நம் குற்றாலீசுவரன் 1994இல், பன்னிரண்டு வயதில், இதே நீரிணையைக் கடந்தார். அந்த ஆண்டே ஆறு நீரிணைகளைக் கடந்து, ஒரே ஆண்டில் ஐந்து என்றிருந்த மிகிர் சென்னின் சாதனையைத் தாண்டினார். இத்தனை பேர் நீந்தியும், வெப்பக் கடலில் நீந்துவதற்கென்று தமிழில் ஒரு கையேடு பரவலாகப் புழங்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

வெப்பத்திலிருந்து தொடங்குவோம். நீந்தும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட நம்மை முன்னே தள்ளுவதில்லை. மிச்சமெல்லாம் சூடாகிறது. தரையில் ஓடுபவருக்கு வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். தண்ணீருக்குள்ளும் வியர்க்கும், ஆனால் அது ஆவியாக வழியில்லை. உடம்பின் சூடு சுற்றியுள்ள தண்ணீருக்குக் கைமாற வேண்டும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால் 20 டிகிரி நீரில் இது எளிதாக நடந்துவிடும். நீரே 31 டிகிரி ஆகிவிட்டால், 37 டிகிரி உடம்புக்கும் அதற்கும் இடைவெளி ஆறு டிகிரிதான். உள்ளே உற்பத்தியாகும் சூடு வெளியேற வழி குறுகிவிடுகிறது. இதில் மோசம் என்னவென்றால், தோலுக்கு இதமாக இருப்பதால் உள்ளே கொதிப்பது நமக்கு உறைக்காது.

2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் நடந்த பத்து கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்துபோனார். வயது 26. நீர் மிகவும் சூடாக இருந்த நாள் அது. அதற்குப் பிறகு உலக நீச்சல் அமைப்பு, 31 டிகிரிக்கு மேல் திறந்த நீர்ப் போட்டி நடத்தக் கூடாது என்று வரம்பு கட்டியது. நம்மூர்க் கோடைக்கும் அந்த வரம்புக்கும் இடையே பெரிய தூரமில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தண்ணீருக்குள் இறங்கியதும் வெளியழுத்தம் காலிலுள்ள ரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளுகிறது. இதயம் அதைப் பார்த்து உடம்பில் ரத்தம் கூடிவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. சிறுநீரகத்துக்கு ‘வெளியேற்று’ என்று சேதி போகிறது. குளத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் சிறுநீர் முட்டுவது இதனால்தான். ஆக, வியர்வையிலும் போய், சிறுநீரிலும் போய், சுற்றிலும் தண்ணீர் இருக்க உள்ளே வறண்டு போகிறோம். கடல்நீர் இரண்டு மடக்கு உள்ளே போனால் நிலைமை இன்னும் கெடும். அந்த உப்பை வெளியேற்றக் குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் சிறுநீரகம் செலவழிக்க வேண்டியிருக்கும்.

அதனால்தான் நெடுநீச்சல்காரர்கள் தாகமோ பசியோ எடுக்கும்வரை காத்திருப்பதில்லை. அரைமணிக்கு ஒருமுறை, கூடவே வரும் படகிலிருந்து கயிற்றில் கட்டிய குப்பி வரும். குடித்ததும் குப்பியை விட்டுவிட வேண்டும். படகைத் தொட்டால் நீச்சல் செல்லாது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்து இரண்டு மணி நேரம் தாங்கும். பிறகு மணிக்கு 60 கிராம் அளவுக்குச் சர்க்கரை உள்ளே போக வேண்டும். குளுக்கோஸோடு பிரக்டோஸும் கலந்திருந்தால் குடல் இன்னும் சற்றுக் கூடுதலாக உறிஞ்சும், இரண்டுக்கும் தனித்தனி வாசல் என்பதால். வெளிநாட்டுப் பொட்டலம்தான் வேண்டும் என்றில்லை. கருப்பட்டியிலுள்ள சர்க்கரை குடலில் உடைந்தால் இந்த இரண்டும்தான் கிடைக்கும். உப்பு சேர்த்த கருப்பட்டித் தண்ணீரைப் பயிற்சியிலேயே குடித்துப் பழகிவிடுங்கள். நடுக்கடலில் முதல்முறையாக எதையும் வயிற்றுக்குக் கொடுக்கக் கூடாது.

இனி நீரோட்டம். சென்னைக் கரையோரத்தில் தென்மேற்குப் பருவத்தை ஒட்டிய மாதங்களில் ஓட்டம் வடக்கே போகும். வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். மெரினாவின் அகன்ற மணல்வெளி அதற்கு அத்தாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர் எழும்பியபின், வடக்கே போன மணல் சுவரின் தெற்கில் தடுக்கப்பட்டுச் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனது. பாக் நீரிணையை நீந்துவோர் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலைத் தேர்ந்தெடுப்பதும், இரண்டு பருவங்களுக்கும் இடையில் கடல் அடங்கியிருப்பதால்தான்.

ஒரு சின்னக் கணக்கு. முதலில் உங்கள் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். குளத்தில் முழுமூச்சாக 400 மீட்டரும், நன்றாக ஓய்வெடுத்து 200 மீட்டரும் நீந்துங்கள். 400க்கு 9 நிமிடம், 200க்கு 4 நிமிடம் 15 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 285 நொடியில் 200 மீட்டர். மணிக்குச் சுமார் 2.5 கிலோமீட்டர். நெடுநீச்சலில் இதைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் போக முடியும்; கணக்குக்கு இதையே வைத்துக்கொள்வோம். இந்த வேகத்தில் அசையாத தண்ணீரில் 30 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு மணி நேரம். இப்போது குறுக்கே மணிக்கு ஒரு கிலோமீட்டர் ஓட்டம் என்று வையுங்கள். ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக 24 டிகிரி சாய்ந்து முகம் வைத்தால், கோடு பிடித்ததுபோல் நேராகப் போய்ச் சேரலாம். பதின்மூன்று மணி நேரம் பிடிக்கும். சாயாமல், எதிர்க்கரையிலுள்ள கலங்கரை விளக்கத்தையே பார்த்துக்கொண்டு நீந்தினால்? ஓட்டம் இழுக்க இழுக்க வளைந்து வளைந்து போய், பதினாலேகால் மணி நேரம் ஆகும். கையில் வலு அதேதான்; முகம் வைத்த திசை ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தைத் தின்றுவிட்டது. படகில் திசை சொல்ல ஒருவர் இல்லாமல் நீரிணையைக் கடக்க முடியாது என்பதன் காரணம் இதில் அடங்கிவிடுகிறது.

கரையருகே இதைவிட ஆபத்தானது, அலைகள் கொண்டுவந்த நீர் ஒரு குறுகிய வாய்க்காலாகத் திரும்பிக் கடலுக்குள் பாய்வது. சில நேரம் அது நொடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தைத் தொடும். உலகத் தரமான வீரர் நூறு மீட்டரைத் தன் உச்ச வேகத்தில் நீந்துவதும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான். எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

பயிற்சிக்குக் கடல் தூரம் என்று ஏரிக்கும் கல்குட்டைக்கும் போகிறவர்களைப் பார்க்கிறேன். வண்டலூர், கீரப்பாக்கம் சுற்றுவட்டாரக் கல்குவாரிக் குட்டைகளுக்கு மட்டும் போகவே வேண்டாம். ஓரத்திலேயே செங்குத்தான ஆழம், பிடித்து ஏற விளிம்பு இல்லை, மேலே வெதுவெதுப்பு, கீழே திடீர்க் குளிர். குளமே போதும். நான்கைந்து கைவீச்சுக்கு ஒருமுறை, தலையை முழுதும் தூக்காமல் கண்ணை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே எடுத்து எதிர்ச்சுவரைப் பாருங்கள். கடலில் குறி பார்க்க இதுதான் உதவும். இரண்டு பக்கமும் மூச்செடுக்கப் பழகினால் அலை எந்தப் பக்கம் அடித்தாலும் கவலையில்லை. மே மாதச் சூட்டுக் குளத்தைச் சபிக்காமல், வேகத்தைக் குறைத்துப் பயன்படுத்துங்கள். பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து சூட்டில் பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பங்கு கூடி, உடம்பு வெப்பத்தைத் தாங்கக் கற்றுக்கொள்ளும். தலைவலி, குமட்டல், எண்ணம் குழம்புதல் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கு அத்தோடு நிறுத்த வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்டால், சுவரில்லாத தண்ணீருக்காக. ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை திரும்ப வேண்டாம். உப்பு நீரின் அடர்த்தி இடுப்பைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ஓட்டம் சாதகமாக இருக்கும் நாளில் விடியற்காலை கரையோரம் போனால், போட்ட கைவீச்சுக்கு இரட்டிப்பாகக் கரை பின்னால் ஓடும். குளத்தில் கிடைக்காத சுகம் அது.

கோவளத்தில் இறங்கும் நாளில் தனியாகப் போகாதீர்கள். படகுகளுக்குத் தெரியும்படி இடுப்பில் பளிச்சென்ற மிதவையைக் கட்டிக்கொள்ளுங்கள். சொறிமீன் பட்டால் தேய்க்காதீர்கள். இறங்குமுன் வலை காயவைக்கும் மீனவர் ஒருவரிடம், “அண்ணே, இன்னைக்கு ஓட்டம் எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் ஊர் திரும்புங்கள்.