இரட்டைத் தட்டு: விழிஞ்ஞம் துறைமுகமும் நம் வீட்டுக் கணிப்பொறியும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே, கோவளத்தை அடுத்துள்ள விழிஞ்ஞம் நம் வாசகர்களுக்குப் புதிய பெயர் அல்ல. ஆய் மன்னர்கள் ஆண்டதும், பாண்டியரும் சோழரும் படையெடுத்து வந்ததும் இந்தப் பழந்துறைமுகத்திற்காகத்தான். 1991-ல் சென்னை ஐ.ஐ.டி. கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் சோதனை நிலையத்தை அமைத்ததும் இங்கேதான். அதே ஊரில் இப்போது புதிய சர்வதேசத் துறைமுகம் இயங்குகிறது. சீனாவின் சியாமென் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'சான் பெர்னாண்டோ' என்ற கப்பல், முதல் தாய்க்கப்பலாக 2024 ஜூலை 11 அன்று இங்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வணிகப் போக்குவரத்து தொடங்கியது. 2025 மே 2 அன்று பிரதமர் நரேந்திர மோடி துறைமுகத்தை நாட்டிற்கு அர்ப்பணித்தார்.

அங்கே அடுக்கு அடுக்காக நிற்கும் கன்டெய்னர்களைத் தூக்கி வைக்கும் கிரேன்களின் மேல் ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்தபடி இயக்குகிறார்கள். அப்படி இயக்குபவர்களில் சுற்றுவட்டாரக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்த பெண்களும் உண்டு. கப்பல்களின் வரத்துப் போக்கைக் கண்காணிக்கும் அமைப்பைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கித் தந்திருக்கிறது. எந்தப் பெட்டி எந்த வரிசையில் இருக்கிறது, எந்தக் கப்பலுக்குப் போக வேண்டும் என்ற கணக்கெல்லாம் கணிப்பொறியில்தான்.

இப்படிப்பட்ட ஓரிடத்தில் கணிப்பொறி நின்றால் என்ன ஆகும்? ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் 2023 ஜூலை 4 காலை அதுதான் நடந்தது. கணிப்பொறிக்குள் புகுந்த கயவர்கள் சர்வர்களைப் பூட்டிப் பணம் கேட்டார்கள். இரண்டு நாளுக்கும் மேலாகக் கன்டெய்னர்கள் நகரவில்லை. லாரிகள் வாசலில் காத்துக் கிடந்தன. கிரேன்கள் நன்றாகத்தான் இருந்தன. எதை எங்கே வைப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை.

ஆகவே இத்தகைய இடங்களில் கணிப்பொறி நிற்காமலிருக்கப் பல ஏற்பாடுகள் செய்கிறார்கள். அவற்றுள் மிக எளியதும் மிகப் பழையதும் 'மிரர்' எனப்படும் இரட்டைத் தட்டு முறை. அது எப்படிச் செயல்படுகிறது, எங்கே கைவிடும் என்பதை அறிந்துகொள்வது நமக்கும் பயன்படும். ஏனெனில் கடைக் கணக்கு, சங்க உறுப்பினர் பட்டியல், ஊரிலுள்ள வீட்டுப் பத்திரத்தின் நகல், தாத்தா பாட்டியின் புகைப்படங்கள் என்று நம் குடும்பங்களின் செல்வமும் இன்று கணிப்பொறிக்குள்தானே இருக்கிறது!

இரட்டைத் தட்டு என்றால் என்ன?

கணிப்பொறியின் நினைவுக் களஞ்சியம் ஹார்டு டிஸ்க். இன்று அதன் இடத்தைப் பல இயந்திரங்களில் எஸ்.எஸ்.டி. பிடித்துவிட்டது. எதுவானாலும் ஒருநாள் பழுதாகும். என்று என்பதுதான் தெரியாது. அதனால் ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளை வைத்து, எழுதுவதையெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதச் செய்கிறார்கள். ஒன்று செத்தாலும் மற்றது வேலையைத் தொடரும். பயன்படுத்துபவருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

1988-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர், பல தட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்தும் முறைகளை வகைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'ரெய்ட்' என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அவர்களது வரிசையில் இரட்டைத் தட்டு முறைக்கு 'ரெய்ட் ஒன்று' என்று பெயர்.

சர்வரில் இரண்டு வகைத் தட்டுகள் இருக்கும். தகவல்களை வைத்திருப்பது ஒன்று; கணிப்பொறியை எழுப்பி இயக்கும் லினக்ஸ், விண்டோஸ் போன்ற ஆணைத் தொகுப்பை வைத்திருப்பது மற்றொன்று. பின்னதைச் சிஸ்டம் தட்டு என்பார்கள். கிடங்கில் சரக்கு பத்திரமாக இருந்தாலும், கதவைத் திறக்கும் சாவி தொலைந்தால் வியாபாரம் நடக்காது. சிஸ்டம் தட்டு அந்தச் சாவி போன்றது. ஆகவே அதையும் இரட்டையாக வைப்பது அவசியம்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, தட்டுகள் இரண்டும் ஒரே அளவாக இருப்பது நல்லது. அளவு வேறுபட்டால் சிறியதன் அளவே கணக்கில் வரும். ஆனால் ஒரே நாளில் ஒரே ஆலையில் உருவான இரட்டைப் பிள்ளைகளை வாங்குவதைத் தவிர்க்கலாம். ஒரே குறையோடு பிறந்து, ஒரே அளவு உழைத்தவை அடுத்தடுத்துப் படுத்துவிடக்கூடும்.

இரண்டாவது, இரட்டை எழுத்து வேலையைத் தனி அட்டை மூலமும் செய்யலாம்; லினக்ஸ் அல்லது விண்டோஸ் சர்வரிடமே ஒப்படைக்கவும் செய்யலாம். அட்டைக்குச் செலவு அதிகம். அந்த அட்டையே பழுதானால் பெரும்பாலும் அதே வகை அட்டையைத்தான் தேட வேண்டிவரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பலர் கோட்டை விடும் இடம். கணிப்பொறியை எழுப்பும் ஆரம்பப் பகுதி ஒன்று தட்டில் உண்டு. லினக்ஸோ விண்டோஸோ விழித்து எழுவதற்கு முன்பே இயந்திரம் அதைப் படிக்கும். அந்த நேரத்தில் இரட்டை எழுத்தைப் பற்றி இயந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது. எனவே இரட்டை எழுத்தை லினக்ஸிடம் ஒப்படைத்திருந்தால், அந்த ஆரம்பப் பகுதியை இரண்டாவது தட்டிலும் தனியாகப் பதிக்க வேண்டும். முதல் தட்டு இல்லையென்றால் இரண்டாவதிலிருந்து எழு என்று இயந்திரத்திற்கும் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் தட்டு போன பிறகு சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் எழுந்திருக்காது.

நான்காவது, 'ஸ்வாப்' எனப்படும் தற்காலிக நினைவிடத்தையும் இரட்டையில் சேர்க்க வேண்டும். அது ஒரே தட்டில் இருந்தால், அந்தத் தட்டு போகும் கணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளும் விழுந்துவிடும்.

ஐந்தாவது, சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு தட்டுகளும் முழுவதும் ஒத்துப்போன பின், சர்வரை நிறுத்தி ஒன்றைக் கழற்றிவிட்டு எழுப்பிப் பாருங்கள். மறுபடி பொருத்தி, எழுத்து முழுமையானதும் மற்றதைக் கழற்றிப் பாருங்கள். பெரிய தட்டானால் ஒத்துப்போகச் சில மணி நேரம் பிடிக்கும், பொறுமை வேண்டும். சோதனையின் அருமையை டோக்கியோ பங்குச் சந்தை 2020 அக்டோபர் 1 அன்று அறிந்தது. ஒரு சேமிப்புக் கருவி பழுதானபோது அதன் ஜோடி தானாக வேலையை ஏற்றிருக்க வேண்டும். ஓர் அமைப்புக் குறை காரணமாக ஏற்கவில்லை. அன்று முழுவதும் வர்த்தகம் நின்றது.

ஆறாவது, ஒரு தட்டு செத்தால் அதை அறிவிக்க ஏற்பாடு வேண்டும். இம்முறையின் சிறப்பே இதன் ஆபத்தும்: ஒன்று போனாலும் எல்லாம் சரியாக நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. மாதங்கள் கழித்து மற்றதும் போகும்போதுதான் விஷயம் தெரியவரும். பொறுப்பாளருக்குத் தானாக அஞ்சல் வரும்படி செய்து வையுங்கள். தட்டுகளின் வரிசை எண்ணை வெளியே ஒட்டி வையுங்கள். அவசரத்தில் செத்ததை விட்டுவிட்டு உயிரோடிருப்பதைக் கழற்றியவர்கள் எத்தனையோ பேர்!

கண்ணாடி காப்பாற்றாதவை

இனிதான் முக்கியமான செய்தி. கண்ணாடி நம் முகத்தில் உள்ள கரியையும் சேர்த்துத்தான் காட்டும். இரட்டைத் தட்டும் அப்படியே. ஒரு கோப்பை நீங்கள் தவறுதலாக அழித்தால் அது இரண்டிலும் அழியும். வைரஸ் ஒன்றைக் கெடுத்தால் மற்றதும் கெடும். திருட்டு, தீ, இடி, வெள்ளம் ஆகியவை இரண்டையும் சேர்த்தே கொண்டு போகும். இரட்டைத் தட்டு கணிப்பொறியை நிற்காமல் ஓட வைக்கும். தகவலைக் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது.

இதை உலகமே பார்த்த நாள் 2017 ஜூன் 27. விழிஞ்ஞத்திற்கு 'சான் பெர்னாண்டோ'வை அனுப்பிய அதே மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குள் 'நாட்பெட்யா' என்ற நாசகார நிரல் புகுந்தது. மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையமும் பாதிக்கப்பட்டது. யார் எந்தக் கணிப்பொறிக்குள் நுழையலாம் என்று தீர்மானிக்கும் சர்வர்கள் அந்நிறுவனத்திற்கு உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் மற்றவை காக்கும் என்ற நம்பிக்கையில் ஒன்றுக்கொன்று நகலாக அமைக்கப்பட்டவை அவை. எல்லாம் இணைப்பில் இருந்ததால் எல்லாமே ஒருசேர அழிந்தன.

ஒன்று மட்டும் தப்பியது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் அந்த நேரம் மின்வெட்டு! அங்கிருந்த சர்வர் இணைப்பற்றுக் கிடந்ததால் பிழைத்தது. அதன் தட்டை ஊழியர்கள் கைமாற்றிக் கைமாற்றி நைஜீரியா வழியாக விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார்கள். அதை வைத்துத்தான் மற்றவற்றை மீட்டார்கள். சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணிப்பொறிகளையும் பத்து நாட்களில் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. நூற்றைம்பது நகல்களால் ஆகாததை, தொடர்பறுந்து தூரத்தில் கிடந்த ஒன்று சாதித்தது.

நாம் செய்ய வேண்டியது

சிறு கடையோ, சங்க அலுவலகமோ, பள்ளியோ நடத்துபவர்கள் சர்வரில் சிஸ்டம் தட்டை இரட்டையாக வையுங்கள். இரண்டாவது தட்டின் விலை, ஒருநாள் வியாபார நஷ்டத்தை விடக் குறைவாகவே இருக்கும். அதோடு நிற்காமல், வாரம் ஒருமுறை தகவல்களைத் தனித் தட்டில் நகல் எடுத்து, இணைப்பைத் துண்டித்து, வேறு இடத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த நகலிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்க முடியாத நகல், நகலே அல்ல.

வீடுகளுக்கு இரட்டைத் தட்டு தேவையில்லை. தனி நகல் கட்டாயம் தேவை. ஊருக்குப் போகும்போது புகைப்படங்களும் பத்திர நகல்களும் அடங்கிய ஒரு தட்டை எடுத்துச் சென்று, நாகர்கோவிலிலோ மதுரையிலோ உள்ள அண்ணன் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த விடுமுறையில் புதிய தட்டைக் கொடுத்துப் பழையதை வாங்கி வாருங்கள். இரண்டு ஊர்களில் வேர் கொண்டு வாழும் நமக்கு இது பெரிய காரியமா என்ன? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதை விட, வரும் விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.