கொலம்பியாவைக் காப்பாற்றியிருக்க முடியுமா?

விண்வெளிக் கப்பல் தொடர்களில் அடிக்கடி ஒரு காட்சி வரும். கேப்டன் எல்லோரையும் மேசையைச் சுற்றி உட்கார வைப்பார். எங்கேயோ தூரத்தில் ஒரு கப்பல் ஆபத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். காப்பாற்றப் போனால் நம்ம கப்பலும் திரும்பாமல் போகலாம். ஒருத்தர் கணக்கு சொல்வார், இன்னொருத்தர் மனசாட்சி பேசுவார், கடைசியில் கேப்டன் "கிளம்புவோம்" என்பார்.

திருப்பருத்திக்குன்றத்தில் எங்க வீட்டில் ஒரு ராத்திரி இப்படி ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. தறியை விட்டு எழுந்து வந்த மாமா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "நிஜத்துல இந்த மாதிரி ஒரு கூட்டம் எப்பவாச்சும் நடந்திருக்காடா?"

எனக்கு உடனே ஞாபகம் வந்தது கல்பனா சாவ்லா போன கொலம்பியா. ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் கூட்டம் நடந்திருக்க வேண்டும், நடக்கவே இல்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என்ன நடந்தது?

கொலம்பியா விண்ணோடம் கிளம்பிய நாள் 2003 ஜனவரி 16. உள்ளே ஏழு பேர்: கமாண்டர் ரிக் ஹஸ்பண்ட், பைலட் வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், லாரல் கிளார்க், இஸ்ரேலின் இலான் ரமோன், அப்புறம் கர்னாலில் பிறந்த நம்ம கல்பனா சாவ்லா. அவருக்கு அது இரண்டாவது பயணம். 1997இல் முதல் தடவை போனதும் இதே கொலம்பியாவில்தான்.

கிளம்பிய சுமார் 82 விநாடிகளில், பெரிய எரிபொருள் தொட்டியின் மேல் ஒட்டியிருந்த நுரைக் காப்புறையில் ஒரு துண்டு பிய்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. எடை முக்கால் கிலோ இருக்கும். நுரைதானே, தெர்மாகோல் மாதிரி, அதுக்கு என்ன பலம் என்று தோன்றும். ஆனால் மோதிய வேகம் மணிக்கு சுமார் 850 கிலோமீட்டர்.

பூமிக்குத் திரும்பும்போது இறக்கையின் முன்விளிம்பு 1,500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகும். அதைத் தாங்கத்தான் அங்கே கார்பன் தகடுகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கிற அலுமினியச் சட்டம் அந்தச் சூட்டைத் தாங்காது. தகட்டில் ஓட்டை விழுந்தால் சூடான வாயு உள்ளே புகுந்து இறக்கையை உருக்கிவிடும். பிப்ரவரி 1ஆம் தேதி அதுதான் நடந்தது. தரையிறங்க 16 நிமிடம் இருக்கும்போது டெக்சாஸ் வானத்தில் கொலம்பியா சிதறியது.

தெரியாமலா இருந்தார்கள்?

கிளம்பிய மறுநாளே வீடியோவைப் பார்த்த பொறியாளர்கள் நுரை மோதியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எவ்வளவு சேதம் என்பதுதான் தெரியவில்லை. ராணுவத்தின் செயற்கைக்கோள்களையோ தொலைநோக்கிகளையோ வைத்து இறக்கையைப் படம் எடுக்கலாமே என்று கேட்டார்கள். இப்படி மூன்று கோரிக்கைகள் எழுந்ததாக விசாரணைக் குழுவின் அறிக்கை சொல்கிறது. எதுவும் நிறைவேறவில்லை. ராணுவத்திடம் தொடங்கிய பேச்சும் ஜனவரி 22ஆம் தேதி நிறுத்தப்பட்டது.

சேதத்தைக் கணக்கிட ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அது மிகச் சின்னத் துண்டுகளுக்காக உருவானது. மோதிய துண்டோ அதைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அப்படியிருந்தும் "ஆபத்தில்லை" என்ற முடிவுக்கு வந்தார்கள். ஜனவரி 23 அன்று கமாண்டருக்கும் பைலட்டுக்கும் ஒரு மின்னஞ்சல் போனது: நுரை மோதியிருக்கிறது, ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை, நிருபர்கள் கேட்டால் சொல்வதற்காகத் தெரிவிக்கிறோம் என்கிற தொனியில். மேலே ஏழு பேரும் இரண்டு ஷிப்டாகப் பிரிந்து ஆய்வு வேலைகளைத் தொடர்ந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று. நிர்வாகக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப ஓடிய எண்ணம், "சேதமே இருந்தாலும் நம்மால் என்ன செய்ய முடியும்?" என்பது. கொலம்பியாவால் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போக முடியாது. அதன் சுற்றுப்பாதை வேறு, பாதையை மாற்ற எரிபொருள் கிடையாது. இறக்கையை ஒட்டுப்போடும் கருவியும் கையில் இல்லை. எதுவும் செய்ய முடியாது என்றால் படம் எடுத்து என்ன பயன்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் "எதுவும் செய்ய முடியாது" என்பதை யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்லவில்லை.

பிறகு போட்ட கணக்கு

விபத்துக்குப் பிறகு விசாரணைக் குழு நாசாவிடம் ஒரு கேள்வி கேட்டது. ஓட்டை இருப்பது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வந்த பதிலைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது.

முதலில் காற்று. ஏழு பேர் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்ச லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள் இருந்தன. ஆய்வு வேலைகளை நிறுத்தி, மின்சாரத்தைக் குறைத்து, அசையாமல் படுத்துக் கிடந்தால் அவை 30 நாள் வரை வரும். அதாவது பிப்ரவரி 15 வரை.

அடுத்து, காப்பாற்றப் போகும் வண்டி. மார்ச் 1ஆம் தேதிப் பயணத்துக்காக அட்லாண்டிஸ் விண்ணோடம் ஏற்கனவே தயாராகிக்கொண்டிருந்தது. எஞ்சின்கள் மாட்டியாகிவிட்டது. ராத்திரி பகலாக மூன்று ஷிப்டு வேலை பார்த்து, வழக்கமான சில சோதனைகளைத் தவிர்த்தால், பிப்ரவரி 10 அன்று கிளப்பிவிடலாம். ஐந்து நாள் அவகாசம் கிடைக்கும்.

அட்லாண்டிஸில் நாலே பேர்தான் போவார்கள். கமாண்டர், பைலட், விண்வெளியில் நடக்கப் பயிற்சி பெற்ற இருவர். இரண்டு விண்ணோடங்களும் சரக்கறைகள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி, சுமார் 6 மீட்டர் இடைவெளியில் மிதக்க வேண்டும். இணைப்புக் குழாய் எதுவும் கிடையாது. கூடுதல் விண்வெளி உடைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஏழு பேரையும் சிலர் சிலராக வெட்டவெளி வழியே கூட்டி வரணும். எட்டு, ஒன்பது மணி நேர வேலை. அவ்வளவு நேரமும் பைலட்கள் வண்டியைக் கையாலேயே நிலையாக ஓட்டிக்கொண்டிருக்கணும். முடிந்ததும் கொலம்பியாவைப் பசிபிக் கடலில் விழவிட்டு, பதினோரு பேரும் ஒரே வண்டியில் திரும்பணும்.

கடினம், ஆனால் செய்யக்கூடியதுதான் என்று முடித்தது அறிக்கை. இதுக்கு மாற்றாக, கிடைக்கிற உலோகத் துண்டுகளையும் தண்ணீர்ப் பைகளையும் ஓட்டையில் அடைத்து உறைய வைத்துக் கீழே இறங்குகிற யோசனையும் ஆராயப்பட்டது. அதில் அபாயம் இன்னும் அதிகம்.

ஏழு பேருக்காக நாலு பேர்

இப்போது தொடரில் வருகிற அந்த மேசைக்கு வருவோம். கிளம்பணுமா, வேண்டாமா?

அட்லாண்டிஸின் தொட்டியிலும் அதே நுரைதான். சும்மா சொல்லவில்லை, 2002 அக்டோபரில் இதே அட்லாண்டிஸ் கிளம்பியபோது அதே இடத்து நுரை பிய்ந்திருக்கிறது. காரணம் கண்டுபிடிக்கவும் சரிசெய்யவும் நேரம் இல்லை. கொலம்பியாவுக்கு வந்தது அட்லாண்டிஸுக்கும் வந்தால் பதினோரு பேரையும் இழக்க நேரலாம். ஒன்றும் செய்யாவிட்டால் ஏழு பேர் நிச்சயம். போனால் ஏழு பேரும் பிழைக்க நல்ல வாய்ப்பு, நாலு பேருக்குச் சிறிய ஆபத்து. என்னைக் கேட்டால், தெரிந்தே வர முன்வருகிற நாலு பேர் இருந்தால் போகத்தான் வேண்டும். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். அந்த விவாதத்துக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

நடந்தது என்னவென்றால், அந்த விவாதத்துக்கே இடம் கிடைக்கவில்லை. செய்ய ஒன்றுமில்லை என்று நினைத்ததால் பார்க்கவில்லை. பார்க்காததால், செய்ய ஏதாவது இருக்கிறதா என்று யாரும் தேடவில்லை.

மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் தறியை வைத்துத்தான் புரிந்துகொண்டார். ஆங்கிலத்தில் விண்ணோடத்துக்கும் தறியில் அங்கும் இங்கும் ஓடுகிற நாடாவுக்கும் ஒரே பெயர், ஷட்டில். "பாவுல ஒரு இழை அறுந்தா தறியை நிறுத்திக் குனிஞ்சு பார்க்கணும். பார்த்தா வேலை நிக்கும், கூலி போகும். அதனால ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நாமளே சொல்லிக்குவோம். ரெண்டு முழம் நெஞ்ச பிறகு தெரியும்" என்றார்.

பிறகு என்ன மாறியது?

2003 ஜூலை 7 அன்று டெக்சாஸில் ஒரு சோதனை நடந்தது. அதே அளவு நுரைத் துண்டை அதே வேகத்தில் இறக்கைத் தகட்டின் மேல் சுட்டார்கள். சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. "நுரைதானே" என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

2005இல் விண்ணோடங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது, மேலே போனதும் இறக்கைகளைக் கேமராவால் பரிசோதிப்பது கட்டாயமானது. மீட்புப் பயணத் திட்டமும் கையில் வைத்திருந்தார்கள். 2009 மே மாதம் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க அட்லாண்டிஸ் போனபோது, அதைக் காப்பாற்றுவதற்காகவே எண்டெவர் பக்கத்து ஏவுதளத்தில் தயாராக நின்றது.

சுனிதா வில்லியம்ஸ் விஷயமும் இதே வரிசையில்தான் வருகிறது. 2024 ஜூனில் அவரும் புட்ச் வில்மோரும் போன ஸ்டார்லைனரில் கோளாறு. அதில் பத்திரமாகத் திரும்பிவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. பல வாரம் விவாதித்து, ஆகஸ்டில் நாசா அதைக் காலியாக இறக்க முடிவு செய்தது. அதை அறிவிக்கும்போது அன்றைய நாசா தலைவர் பழைய விண்ணோட விபத்துகளை நினைவுபடுத்தினார். இருவரும் வேறொரு விண்கலத்தில் 2025 மார்ச்சில் வந்து சேர்ந்தார்கள். "மாட்டிக்கொண்டார்கள்" என்று நம்ம சேனல்கள் கத்தியபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இந்தத் தடவை மேசை போட்டு உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள்.

கல்பனா பெயரில் தமிழக அரசு துணிச்சலான பெண்களுக்கு ஆண்டுதோறும் சுதந்திர தினத்தில் விருது கொடுக்கிறது. 2020இல் அதை வாங்கியவர்கள் பெரம்பலூர் மாவட்டத்தைச் சேர்ந்த மூன்று பெண்கள். கொட்டரை அணை நீரில் நாலு இளைஞர்கள் மூழ்குவதைப் பார்த்தவர்கள், கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். மற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

சேலை நெய்கிற ஊரில் இருந்துகொண்டு அந்தச் செய்தியைப் படித்தது எனக்கு மறக்கவில்லை. மாமாவிடம் அதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ரெண்டு பேர் பொழைச்சாங்கல்ல" என்றார்.