அரிசி கேட்டார்கள், மொழி கொடுத்தார்கள்

1953 ஆகஸ்ட் 12. சுதந்திரம் பெற்று ஐந்தே ஆண்டுகளான இலங்கையின் அமைச்சரவை, கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ‘நியூஃபவுண்ட்லாந்து’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் கூடிப் பேசியது. கரையில் ஹர்த்தால், இடதுசாரிகள் அழைத்த முழு அடைப்பு. கடைகள் அடைத்துக் கிடந்தன. தென்மேற்குக் கரையோரம் தண்டவாளங்களைப் பெயர்த்திருந்தார்கள். காரணம் சோறு. கொரியப் போர் தந்த ரப்பர் விலை சரிந்து கஜானா வற்றியதும், 25 சதம் விற்ற ஒரு கொத்துக் கூப்பன் அரிசியை நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தன 70 சதமாக்கினார். பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவும் நின்றது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

ஏழைகளின் கோபம்தான் அவரை வீழ்த்தியது என்பது பாதி உண்மை. ஐக்கிய தேசியக் கட்சியை ‘மாமன் மருமகன் கட்சி’ என்று ஊர் கேலி செய்த காலம் அது. அந்த உறவுக்குள்ளேயே பகை இருந்தது. 1952இல் டட்லியின் தந்தை, பிரதமர் டி.எஸ். சேனநாயக்க இறந்தபோது நாற்காலி தனக்கே என்றிருந்தார் உறவினர் சர் ஜோன் கொத்தலாவல, கிடைத்தது டட்லிக்கு. அமைச்சராக இருந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவோ 1951லேயே கட்சியைவிட்டு வெளியேறித் தனிக்கட்சி கண்டிருந்தார். தெரு கொதித்தபோது டட்லிக்குத் தோள் கொடுக்க மேலே ஒற்றுமை இல்லை. ஆனால் மேல்தட்டு பிளந்தால் அந்த இடைவெளியில் முதலில் நுழைவது உழைப்பாளி அல்ல. மேல்தட்டின் இன்னொரு பாதிதான். டட்லியின் இடத்துக்குக் கொத்தலாவல வந்தார். ஹர்த்தாலில் சேராமல் ஒதுங்கி நின்ற பண்டாரநாயக்க, 1956 தேர்தலில் கூட்டணியோடு 95 இடங்களில் 51ஐ அள்ளிப் பிரதமரானார்.

இடதுசாரிகள் ஒரே நாளோடு போராட்டத்தை நிறுத்தியதுதான் பிழை என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் கீழ்த்தட்டின் கை அதற்கு முன்பே வெட்டப்பட்டிருந்தது. 1948, 1949 சட்டங்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. நாட்டின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டம் தேர்தல் கணக்கிலேயே இல்லாமற்போனபின், அரிசிக் கோபத்தைச் சிங்களக் கிராமத்தின் மொழிக்கோபமாகத் திருப்புவது எளிதானது. 1955 கடைசியில் பண்டாரநாயக்கவின் கட்சி ஆட்சிமொழி ‘சிங்களம் மட்டும்’ என்றது. 1956 பிப்ரவரியில் ஆளுங்கட்சியும் அதையே சொன்னது. ஏலத்தில் இரு பாதிகளும் விலையை ஏற்றின. பொருள் மட்டும் தமிழருடையது.

பண்டாரநாயக்க பேருந்துகளை நாட்டுடைமையாக்கவில்லையா, குத்தகை விவசாயிக்கு 1958இல் நெற்காணிச் சட்டம் தரவில்லையா என்று கேட்கலாம். தந்தார், அது வெறும் கண்துடைப்பும் அல்ல. ஆனால் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிலிப் குணவர்த்தனவைச் சக அமைச்சர்களே 1959இல் வெளியே தள்ளினார்கள். சீர்திருத்தம் அமைச்சரவையின் தயவில் நின்றது. 1956இன் ‘சிங்களம் மட்டும்’ மொழிச் சட்டத்துக்கு அந்தத் தயவு தேவைப்படவில்லை.

அரிசி விலையை ஏற்றிய ஜெயவர்த்தன 1956இல் தொகுதியையே இழந்தவர். மறு ஆண்டு, பண்டாரநாயக்க தமிழர் தலைவர் செல்வநாயகத்துடன் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் கிளம்பித்தான் மறுபடி மக்கள் முன் வந்தார். அப்போது அவரிடம் யாரும் 70 சதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.