சுமத்திராவின் புகை கேம்பல் பேக்கு வரும் வழி

கேம்பல் பேயில் குடியேறி வாழும் நம் தமிழன்பர்கள் சென்னையை நினைத்தே திசை பார்ப்பது வழக்கம். ஆயின் சென்னை ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. தீவின் தென்கோடியாகிய இந்திரா முனையிலிருந்து இந்தோனேசியாவுக்குச் சொந்தமான ரோண்டோ தீவோ சுமார் 160 கிலோமீட்டர்தான். அதனை அடுத்தே சுமத்திரா. அங்கே காடு எரிந்தால் புகை இங்கே வருமா என்று ஐயுறுவோர் உளர். காற்று திரும்பினால் வரத்தான் செய்யும். குழந்தைகளும் முதியோரும் உள்ள இல்லங்களுக்குப் பயன்படும் எனக் கருதி, அது வரும் விதத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சுமத்திராவின் கீழ்க்கரையிலும் காளிமந்தானிலும் பரந்த சதுப்புக் காடுகள் உண்டு. அங்கே மண் என்பது பெயரளவில்தான். பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கிப் படிந்த இலையும் வேரும் மரமுமே அது. நீர் தேங்கி நிற்கும் வரையில் அதில் தீப் பற்றாது. செம்பனைத் தோட்டங்களுக்காகவும் காகிதக்கூழ் மரங்களுக்காகவும் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால், காய்ந்த வறட்டி போலாகிவிடுகிறது. நிலத்தைத் துப்புரவு செய்ய வைக்கும் தீ அதனுள் இறங்கிவிட்டால் கொழுந்துவிட்டு எரிவதில்லை. உமி மூட்டம்போல் வாரக்கணக்கில் கனன்று புகைகிறது. பசிபிக் சமுத்திரத்தில் எல் நினோ தோன்றி மழை பொய்க்கும் ஆண்டுகளில் இவ்விபரீதம் உச்சத்தை அடையும்.

1997 அத்தகைய ஆண்டு. அவ்வாண்டு செப்டம்பரில் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் அவசர நிலை பிரகடனம் செய்யப்பட்டது. காற்றின் மாசுக் குறியீடு 300ஐத் தாண்டினாலே அபாயம். கூச்சிங் நகரில் 800ஐயும் தாண்டிற்று. அடுத்த மாதம் எடுத்த செயற்கைக்கோள் படங்களில், புகை இந்துமாக் கடலின் மேல் மேற்கு நோக்கி நெடுந்தூரம் பரவியிருந்தது. 2015இலும் இதே கதை. உலக வங்கியின் கணக்குப்படி 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. சிங்கப்பூரில் செப்டம்பர் 25ஆம் தேதி பள்ளிகளை மூடினர். மலேசியாவிலும் பன்முறை மூடினர். தெற்குத் தாய்லாந்தில் விமானப் போக்குவரத்து தடைப்பட்டது. பினாங்கிலோ சிங்கப்பூரிலோ உற்றார் உள்ள அன்பர்கள் அவர்களிடமே கேட்டறியலாம்.

இனி, புகையின் பயணம். வெப்பத்தால் மேலெழும் புகையில் கனத்த சாம்பல் அருகிலேயே உதிர்ந்துவிடுகிறது. இரண்டரை மைக்ரானுக்கும் சிறிய துகள்கள், அதாவது தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராதவை, எளிதில் விழுவதில்லை. மழை கழுவாவிடில் ஒரு வாரம் போலக் காற்றிலேயே மிதக்கும். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்குக் கால அட்டவணை போட்டுப் பார்க்காமல் இருக்க இயலுமா? காற்றின் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று கொள்வோம். ஏறக்குறைய கூட்ஸ் வண்டியின் சராசரி வேகமே. நாளொன்றுக்கு 480 கிலோமீட்டர் ஆகிறது. ரியாவிலிருந்து கேம்பல் பேக்குச் சுமார் 1,100 கிலோமீட்டர். எனவே இரண்டரை நாளுக்குள் வந்து சேரும். இடையில் ஸ்டேஷனும் இல்லை, சிக்னலும் இல்லை!

பெருந்தீயின் புகை இடிமேகத்தையே உண்டாக்கி, மழைக்கு எட்டாத உயரத்திற்கும் ஏறுவதுண்டு. 2019-20இல் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின் புகை அவ்வாறு ஏறி உலகையே சுற்றி வந்தது. சதுப்புத் தீயின் புகைக்கு அத்துணை வேகமில்லை. பெரும்பாலும் ஓரிரு கிலோமீட்டர் உயரத்திற்குள்ளேயே தவழ்கிறது. நாம் சுவாசிப்பதும் அக்காற்றையே என்பதால் அதுவே நமக்கு அதிகக் கேடு.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது நமக்குத் திறந்த கடலின் காற்றே கிடைக்கிறது. இது நம் பாக்கியம். சுமத்திரா நமக்குத் தென்கிழக்கு. ஆதலால் செப்டம்பர், அக்டோபரில் காற்று அத்திசையிலிருந்து திரும்பும் நாட்களே கவனிக்கத்தக்கன. மாசி, பங்குனியில் பர்மா, தாய்லாந்து மலைகளில் காடெரிக்கும் புகை வடகிழக்குக் காற்றோடு வங்கக் கடலுக்கு இறங்குவதும் உண்டு.

மூடுபனி வெயில் ஏற ஏறக் கலையும். புகை கலையாது, நடுப்பகலிலும் சூரியன் மங்கித் தோன்றும். நெடுந்தூரம் வந்த புகையில் நெடி குறைந்திருக்கலாம். துகள்கள் குறைந்தன என்று கொள்ளலாகாது. ஈரத்துணி அவற்றைத் தடுக்காது. என்-95 முகமூடியே தடுக்கும். அந்நாட்களில் சன்னல்களைச் சாத்திவைத்துக் குப்பை கொளுத்துவதையும் கொசுவர்த்தியையும் தவிர்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் ஒரு மாத மருந்தைக் கையிருப்பில் வைத்திருத்தல் அவசியம். கடும் நோயாளியைப் போர்ட் பிளேருக்கு, அதாவது 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற ஊருக்கு, ஹெலிகாப்டரில் அனுப்ப வேண்டியிருக்கிறது. புகை பார்வையை மறைத்தால் ஹெலிகாப்டரும் கிளம்பாது.

2015இன் தீயை ஆட்களும் விமானங்களும் நீர் தெளித்து அணைக்க முயன்றும் முடியவில்லை. அக்டோபர் இறுதியில் மழை இறங்கிய பிறகே சிங்கப்பூரின் வானம் தெளிந்தது.