நாழியும் லிட்டரும்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், அருவியில் நீராடும் ஜனங்களால் தென்காசிக் கடைத்தெருவுக்கும் களை வந்துவிடும். இன்று அவர்கள் எண்ணெயை லிட்டர்க் கணக்கில் வாங்குகிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் நாழி, உரி, உழக்கு, ஆழாக்கு என்றே கேட்டு வாங்கினார்கள். பழைய அளவு திரும்ப வேண்டுமென்று வாதிக்க நாம் முன்வரவில்லை. ஆயினும் அச்சொற்களின் வரலாறு அறியத் தக்கது.

நாழி என்பதற்கு உட்டுளையுள்ள குழல் என்பது பொருள். மூங்கிலைக் கணுவோடு நறுக்கினால் அடியுள்ள பாத்திரம் கிடைத்துவிடுகிறது; கன்னானைத் தேட வேண்டியதில்லை. நீரைக்கொண்டு காலத்தை அளந்த நாழிகை வட்டிலின் பெயரும் இக்குடும்பத்ததே. ஆழாக்கு இரண்டு உழக்கு; உழக்கு இரண்டு உரி; உரி இரண்டு நாழி. நாழியோடு உரி சேர்ந்தால் 'நாடுரி' ஆகுமென்று தொல்காப்பியர் தனி விதியே செய்திருக்கிறார். கடைவீதியில் புழங்காத சொற்களுக்கு இலக்கண ஆசிரியர் இவ்வளவு சிரமப்படுவாரா? கோயில்களிலும் இவ்வளவைகளே வழங்கின. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு திருவிளக்குக்கு 96 ஆடுகளை விட்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கும்படி சோழர் சாசனம் விதிக்கிறது. உழக்கு இன்னதென்று அறியாதவனுக்கு அக்கல் பாதி ஊமைதான்.

குறை பெயரில் இல்லை. ஒரே பெயர் பல அளவைக் குறித்ததில் இருந்தது. தமிழ்க் கணக்கில் எட்டு நாழி ஒரு குறுணி. மலையாளக் கணக்கில் நான்கு நாழி ஓர் இடங்கழி. இரண்டு நாழியும் ஒன்றல்ல. தென்காசிக்குச் சில மைல் மேற்கேயுள்ள செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை மலையாள ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. இத்தகைய குழப்பத்தில் நஷ்டமடைபவன் எப்போதும் சில்லறையாய் வாங்கும் ஏழையே.

நம் ஆழாக்கை 'ஒல்லக்' என்று எழுதிவைத்த ஆங்கிலேயர் இவ்விஷயத்தில் நம்மைப் பரிகசிக்க நியாயமில்லை. 1824 வரை அவர்கள் நாட்டில் திராட்சை மதுவுக்கு ஒரு காலன், பார்லி மதுவுக்கு வேறொரு காலன். அவர்கள் கைவிட்ட 231 கன அங்குலக் காலனை அமெரிக்கர் இன்றும் விடவில்லை!

1795-ல் பிரான்ஸில் பிறந்த லிட்டரை, செங்கோட்டை நம்முடன் சேர்ந்த அதே 1956-ம் ஆண்டில், சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்டு சட்டமாக்கியது. அந்நியப் பெயரென்று அதை வெறுக்க வேண்டியதில்லை. குமரியிலும் காஷ்மீரத்திலும் அது ஒன்றே. ஆனால் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகங்களில் பழைய வாய்பாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கும்படி கல்வி இலாகாவைக் கேட்டுக்கொள்கிறோம்.