கிணற்றடியில் ஒரு கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாது ஓடும் ஆறு இல்லை. பெய்யும் மழையைத் தேக்கி வைத்து மக்களுக்கு அளிப்பது நிலத்தின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லே. பலாலி வீதியில் அமைந்த உரும்பிராய் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. மேலே செம்மண், அதன் கீழே வெடிப்பும் பொந்தும் நிறைந்த கல், அக்கல்லின் இடுக்குகளில் நன்னீர். முன்னாளில் துலா மிதித்தும் இந்நாளில் இயந்திரம் கொண்டும் அந்நீரை இறைத்தே வெங்காயம், மிளகாய், வாழை, மரவள்ளி, புகையிலை ஆகியவை விளைவிக்கப்படுகின்றன. தோட்டத்துக்குப் பாயும் நீரும் வீட்டார் பருகும் நீரும் அங்கே ஒரே நிலத்தடியிலிருந்து வருபவை.

இத்தகைய ஊரில் மாணவர் படிக்கும் இரசாயனக் கணக்குப் பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடுவது என்று பலர் எண்ணுகின்றனர். மூல் என்ற சொல்லைக் கேட்டதும் புத்தகத்தை மூடிவிடும் மாணவரும் உளர். ஆயினும் அக்கணக்கு ஊரார் காலடியிலுள்ள கல்லிலும், தோட்டத்து உரமூடையிலும், கிணற்று நீரிலும் இருக்கின்றது. அதை அறியாதவர் சில வேளைகளில் பெரும் பிழை செய்ய நேரிடும்.

இரசாயனத்தைத் தமிழிற் கற்பதும் இக்குடாநாட்டுக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டில் இங்கு வந்து, பின்னர் மானிப்பாயிலிருந்து மருத்துவம் போதித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் முயற்சியால், ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875ஆம் ஆண்டிலேயே தமிழில் வெளிவந்தது. அந்த மரபில் வந்த மாணவர் இக்கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

முதலிற் கல்லை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புச் சூளையில் கல்லை இட்டுச் சுடுகிறவர், வெந்த கல் முன்னிருந்ததிலும் நிறை குறைந்திருப்பதைக் கையால் தூக்கியே அறிவார். குறைந்த பங்கு எங்கே சென்றது? பொருள் அழிந்து போவதில்லை. ஒன்று மற்றொன்றாக மாறுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் இலவோசியர் தராசின் துணைகொண்டு நிலைநாட்டிய உண்மை இது. சுண்ணாம்புக்கல் எனப்படும் கல்சியங் காபனேற்று சூளையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு பகுதி நீறாத சுண்ணாம்பாகிய கல்சியம் ஒட்சைட்டு. மற்றது காபனீரொட்சைட்டு என்னும் வாயு. வாயு காற்றோடு கலந்துவிடுவதாற் கல் இலேசாகின்றது.

எவ்வளவு இலேசாகும் என்பதைச் சுடாமலே சொல்லலாம். ஒவ்வொரு மூலகத்தின் அணுவுக்கும் சாரணுத் திணிவு என்ற ஓர் எண் உண்டு. ஐதரசனுக்கு 1, காபனுக்கு 12, நைதரசனுக்கு 14, ஒட்சிசனுக்கு 16, கந்தகத்துக்கு 32, கல்சியத்துக்கு 40 எனக் கணக்குக்குப் போதிய அளவில் நினைவில் வைத்துக்கொள்ளலாம். கல்சியங் காபனேற்றில் கல்சிய அணு ஒன்று, காபன் அணு ஒன்று, ஒட்சிசன் அணு மூன்று. நாற்பதும் பன்னிரண்டும் நாற்பத்தெட்டும் கூட 100 ஆகும். கல்சியம் ஒட்சைட்டுக்கு நாற்பதும் பதினாறுமாக 56. எஞ்சிய 44 காபனீரொட்சைட்டு. ஆகவே 100 கிலோகிராம் தூய கல்லைச் சுட்டால் 56 கிலோகிராம் சுண்ணாம்பே மிஞ்சும். 250 கிலோகிராம் கல்லுக்கு எவ்வளவு? நூற்றுக்கு 56 என்றால் 250க்கு 140. இது நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் முத்தொகை வினா என்று பயின்ற அதே கணக்கு. மூன்று எண்கள் தெரிந்தால் நான்காவது எண் தானே வரும்.

அப்படியானால் மூல் என்பது எதற்கு? வெற்றிலையைக் கவுளியாகவும் முட்டையை டசினாகவும் எண்ணுகிறோம். அணுக்களோ கண்ணுக்கும் கைக்கும் எட்டாத சிறியவை. அவற்றை எண்ண மிகப் பெரிய கட்டு ஒன்று வேண்டும். அக்கட்டின் பெயரே மூல். 602 என்று எழுதி அதன் பின் இருபத்தொரு சுழிகளை இட்டால் வரும் எண்ணே ஏறத்தாழ ஒரு மூலில் அடங்கும் துணிக்கைகளின் தொகை. அத்தனையையும் ஒருவரும் எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. சாரணுத் திணிவை அப்படியே கிராமில் நிறுத்தெடுத்தால் அது ஒரு மூல் ஆகும். காபனில் 12 கிராம் ஒரு மூல். சுண்ணாம்புக்கல்லில் 100 கிராம் ஒரு மூல். சில்லறை நாணயங்களை ஒவ்வொன்றாக எண்ணாது நிறுத்துத் தொகை அறிவது போன்றது இது.

அடுத்து உரமூடைக்கு வருவோம். பயிருக்கு வேண்டுவது நைதரசன். அமோனியஞ் சல்பேற்றும் யூரியாவும் அதைத் தரும் இரு உரங்கள். அமோனியஞ் சல்பேற்றில் நைதரசன் அணு இரண்டு, ஐதரசன் எட்டு, கந்தகம் ஒன்று, ஒட்சிசன் நான்கு. கூட்டினால் 132. அதில் நைதரசனின் பங்கு 28. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 21. யூரியாவில் காபன் ஒன்று, ஒட்சிசன் ஒன்று, நைதரசன் இரண்டு, ஐதரசன் நான்கு. கூட்டினால் 60. அதிலும் நைதரசன் 28 தான். ஆனால் நூற்றுக்கு ஏறத்தாழ 46.7. கடையில் வாங்கும் யூரியா மூடையில் 46 என்று அச்சிட்டிருப்பதன் பொருள் இதுவே. ஆகவே 50 கிலோகிராம் மூடை ஒன்றில், அமோனியஞ் சல்பேற்றாயின் பத்தரைக் கிலோகிராம் நைதரசனும், யூரியாவாயின் 23 கிலோகிராம் நைதரசனும் இருக்கும். மூடைக்கு மூடை என்று மாற்றி இடுகிறவர் இரு மடங்குக்கு மேல் இட்டுவிடுகிறார்.

மிகுதியாக இட்டது எங்கே போகும்? மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியாவின் நைதரசனைப் படிப்படியாக நைத்திரேற்று ஆக்குகின்றன. நைத்திரேற்று நீரில் எளிதிற் கரையும். மண்ணோடு ஒட்டி நில்லாது. மழையும் இறைப்பு நீரும் அதைக் கீழே இழுத்துச் செல்ல, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே அது கிணற்றை அடைகின்றது. மலசலகூடக் குழிகளும் மாட்டெருக் குவியல்களும் இதற்குத் துணைபோகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதை 1980களிலிருந்து நடைபெற்ற ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவ்விடத்தில் ஒரு கணக்குச் செய்து பார்த்தல் தகும். நைத்திரேற்றில் நைதரசன் ஒன்று, ஒட்சிசன் மூன்று, கூட்டினால் 62. யூரியா மூலக்கூறு ஒன்றில் நைதரசன் அணு இரண்டு இருப்பதால் அது இரண்டு நைத்திரேற்றுகளைத் தரும். எனவே 60 கிராம் யூரியா முழுவதும் மாறினால் 124 கிராம் நைத்திரேற்று உண்டாகும். அறுபது நூற்று இருபத்து நான்கு ஆனது எப்படி என்று ஐயுற வேண்டாம். கூடிய நிறை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் சேர்ந்த ஒட்சிசனுடையது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. 124 கிராம் என்பது 124,000 மில்லிகிராம். அதை ஐம்பதால் வகுத்தால் 2,480. ஒரு சிறங்கை யூரியா முழுவதும் நைத்திரேற்றாகிக் கிணற்றை அடையுமாயின், இரண்டாயிரத்து நானூற்றெண்பது லீற்றர் தூய நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். உண்மையில் ஒரு பங்கைப் பயிர் உண்ணும். ஒரு பங்கு வாயுவாகக் காற்றிற் கலக்கும். எஞ்சியதே கிணற்றுக்கு வரும். இக்கணக்கில் இரண்டு என்ற எண்ணை மறந்த மாணவன், நீரின் மாசைத் தாளிலே பாதியாகக் குறைத்துவிடுகிறான். கிணற்றில் அது குறைவதில்லை.

இன்னுமொரு பிழை இதனினும் கொடியது. கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டுக்கு நீர்ப் பரிசோதனைத் தாள் வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். தாளில் 15 என்று இருக்கின்றது. எல்லை 50 என்று கேள்வியுற்ற தந்தை மகிழ்கிறார். பத்தாம் வகுப்பிற் படிக்கும் மகள் தாளை வாங்கிப் பார்க்கிறாள்.

“ஐயா, இதில் நைத்திரேற்று என்றல்லவே, நைத்திரேற்று நைதரசன் என்றல்லவா எழுதியிருக்கிறது?”

“இரண்டும் ஒன்றுதானே, பிள்ளை?”

“இல்லை ஐயா. இது நைதரசனை மட்டும் நிறுத்த கணக்கு. பதினான்குக்கு அறுபத்திரண்டு என்றால் பதினைந்துக்கு எவ்வளவு?”

தாளின் ஓரத்தில் அவள் எழுதிக் காட்டுகிறாள். பதினைந்தை அறுபத்திரண்டாற் பெருக்கி, பதினான்கால் வகுத்தால் 66.4. எல்லையை மீறிய நீர் அது. நைதரசனாகக் கணக்கிடும்போது எல்லை ஐம்பதன்று; ஏறத்தாழ 11.3 மட்டுமே. எண் சரியாயினும் அது எப்பொருளின் நிறை என்று பாராதவர் ஏமாந்து போவர்.

இது வெறும் ஏட்டுக் கவலையன்று. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் கோம்லி, கிணற்று நீரிற் கரைத்த பால்மாவைப் பருகிய பச்சிளங் குழந்தைகளின் உடல் நீலம் பூத்ததை ஆராய்ந்து, அதற்கு நீரிலிருந்த நைத்திரேற்றே காரணம் என எடுத்துக்காட்டினார். குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடுகின்றது. கொதிக்க வைத்தால் தீங்கு நீங்கும் என்பாரும் உளர். கிருமி சாகும், நைத்திரேற்றோ ஆவியாகாது. மகள் கணக்கிட்ட அந்நீரில் பத்து லீற்றரைக் கொதிக்க வைத்து எட்டு லீற்றராக வற்றச் செய்தால், 66.4 ஆக இருந்தது 83 ஆக உயரும். இதுவும் முத்தொகை வினாவே.

ஆகவே ஐயமுள்ள கிணற்று நீரிற் குழந்தைக்குப் பால்மா கரைத்தல் ஆகாது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதுமானது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி நீரைப் பரிசோதிப்பதற்கு வழி கேட்கலாம். தோட்டத்திலே உரத்தை ஒரே முறையாகக் கொட்டாது, மண்ணும் பயிரும் வேண்டும் அளவறிந்து சிறிது சிறிதாகப் பிரித்து இடுதல் பணத்தையும் காக்கும், கிணற்றையும் காக்கும்.

மாணவர் நினைவிற் கொள்ள வேண்டியவை மூன்று. எப்பொருள் எப்பொருளாக மாறுகின்றது என்பதைச் சமன்செய்து எழுதுக. ஒவ்வொன்றின் திணிவையும் கூட்டிக் காண்க. பின்னர் விகிதம் பார்த்து விடை காண்க. விடையின் பக்கத்தில் அலகையும் பொருளின் பெயரையும் எழுதாமல் விடற்க. இம்மூன்றையும் பழகியவர் பரீட்சையில் தேறுவர். தம் வீட்டுக் கிணற்றைப் பற்றி வரும் தாளையும் பிழையின்றிப் படிப்பர்.