பைக்குக்கும் "மரை கழலும்"! ஹெட்டை மாற்றும் முன் ஒரு நிமிடம்...

காலை 8 மணி. வேலைக்குக் கிளம்பியவர் பைக்கை உதைக்கிறார். ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கில் கரி பிடித்திருக்கும் என்று ஸ்பேனரை எடுக்கிறார். கழற்றி, துடைத்து, திரும்பவும் மாட்டுகிறார். "நல்லா டைட்டா இருக்கட்டும்" என்று கடைசியாக ஒரு இழுப்பு. சட்டென்று கை லேசாகிவிடுகிறது. ஸ்பேனர் சும்மா சுற்றுகிறது. அவ்வளவுதான், மரை போச்சு!

சாதாரண பிளக்கின் விலை ஒரு வேளை சாப்பாட்டுக் காசு. ஆனால் அந்த ஒரு இழுப்புக்காக "ஹெட்டையே மாத்தணும்" என்று மெக்கானிக் சொல்லிவிட்டால் செலவு ஆயிரங்களில் போய் நிற்கும். சாப்பாடு பார்சல் கொண்டுபோகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று பைக்கை நம்பிப் பிழைப்பவர்களுக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானமும் போச்சு.

அதற்காக பதற வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் ஹெட்டை தூக்கி எறியாமலே மரையை சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த வேலையை அரைகுறையாகச் செய்தால் என்ஜினுக்கே வேட்டு வைத்துவிடும்.

ஏன் போகிறது மரை?

பிளக்கில் இருக்கும் மரை இரும்பு. அது ஏறும் ஹெட் அலுமினியம். இரும்பும் அலுமினியமும் மல்லுக்கட்டினால் தோற்பது அலுமினியம்தான்.

ஸ்பிளெண்டர், ஆக்டிவா போன்ற வண்டிகளின் பிளக் 10 மில்லிமீட்டர் தடிமன்தான். மரையின் இடைவெளி 1 மி.மீ. பழைய டூ-ஸ்டிரோக் வண்டிகள், பழைய புல்லட் போன்றவற்றில் 14 மி.மீ. பிளக். 10 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். 14 மி.மீ. பிளக்குக்குப் போடும் பலத்தை இதில் போட்டால் தாங்காது.

கோணலாக ஏற்றுவது இன்னொரு காரணம். கையால் சுற்றாமல் எடுத்த எடுப்பிலேயே ஸ்பேனரைப் போட்டால், பிளக் பழைய மரையை விட்டுவிட்டு தனக்கென்று புது வழி வெட்டிக்கொண்டு போகும்.

சூடாக இருக்கும்போதே கழற்றுவதும் தப்பு. அலுமினியம் சூட்டில் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் பிளக்கில் கை வைக்க வேண்டும்.

நீளம் மாறிய பிளக்கும் வில்லன்தான். குட்டை பிளக் போட்டால், மீதி மரையில் கரி அப்பிக்கொள்ளும். பிறகு சரியான பிளக்கை ஏற்றும்போது சிக்கி மரையைக் கிழிக்கும். நீளம் அதிகமானால் பிஸ்டனையே இடிக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டி ஓடும்போது பிளக் பக்கம் "புஸ் புஸ்" என்று சத்தம், பிளக்கைச் சுற்றி கறுப்பாக எண்ணெய்க் கசிவு, இழுவை குறைவது. இதெல்லாம் மரை ஆட்டம் கண்டுவிட்டதன் அடையாளங்கள். சந்தேகம் இருந்தால் என்ஜின் ஆறியிருக்கும்போது பிளக்கைச் சுற்றி சோப்புத் தண்ணீர் விட்டு, கிக்கரை உதைத்துப் பார்க்கலாம். குமிழி வந்தால் காற்று கசிகிறது.

நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் போர்-ஸ்டிரோக் என்ஜினில், நிமிடத்துக்கு 3,000 முறை வெடிப்பு நடக்கிறது. ஒவ்வொரு முறையும் பிளக்கை வெளியே தள்ளப் பார்க்கிறது. மரை பிடிக்காவிட்டால் ஓடும்போதே பிளக் "டப்" என்று தெறித்துவிடும்.

பசை, நூல் வேண்டாமே!

பிளக்கில் நூல் சுற்றுவது, டெப்லான் டேப் ஒட்டுவது, பசை பூசுவது எல்லாம் ஆபத்தான ஒட்டுவேலை. மின்சாரம் பாடிக்கு எர்த் ஆவதும், பிளக்கின் சூடு ஹெட்டுக்கு இறங்குவதும் இந்த மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான். நடுவில் எதையாவது வைத்து அடைத்தால் இரண்டும் கெடும்.

சரிசெய்ய என்ன வழி?

* லேசான சேதம்: மேலே ஒன்றிரண்டு மரை மட்டும் நசுங்கியிருந்தால், அதே அளவு டேப்பில் கிரீஸ் தடவி மெதுவாக ஓட்டி எடுத்தால் போதும். தூள் கிரீசில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

* ஹெலிகாயில்: மரை முழுசாகப் போயிருந்தால், ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள தனி டேப்பில் புது மரை வெட்டி, ஸ்டீல் கம்பியில் செய்த சுருளை உள்ளே ஏற்றுவார்கள். சுருளின் உள்பக்கம் பழைய அளவு மரை கிடைத்துவிடும். அதே பிளக்கையே போடலாம்.

* புஷ்: சுருளுக்குப் பதில், உள்ளேயும் வெளியேயும் மரை உள்ள கெட்டியான குழாய்த் துண்டு. லேத் பட்டறையில் கடைந்து போடுவார்கள். ஹெட்டில் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை பிளக்கைக் கழற்றும்போது புஷ்ஷும் சேர்ந்து வந்துவிடும்.

* ஆர்கான் வெல்டிங்: ஓட்டை ரொம்ப சிதைந்திருந்தால் அலுமினியத்தை நிரப்பி, மறுபடி துளை போட்டு மரை வெட்டுவது. கை தேர்ந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

வால்வுகளுக்கு நடுவே விரிசல் விட்டிருந்தால் மட்டும் ஹெட்டை மாற்றுவதே நல்லது. "பெரிய சைஸ் பிளக் போட்டுடலாம்" என்ற யோசனைக்குத் தலையாட்ட வேண்டாம். அதன் நீளமும், சூடு தாங்கும் அளவும் இந்த என்ஜினுக்குப் பொருந்தாமல் போகலாம்.

மெக்கானிக்கிடம் கேளுங்கள்

முதல் கேள்வி, "ஹெட்டைக் கழற்றித்தானே பண்ணுவீங்க?" கழற்றாமல் துளை போட்டால் அலுமினியத் தூள் சிலிண்டருக்குள் விழும். அது பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறினால் மரைச் செலவு போர் வேலையில் கொண்டுபோய் விடும். கழற்றினால் கேஸ்கெட் புதிதாகப் போட வேண்டும். அந்தச் செலவுக்குக் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

அடுத்தது, துளை நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் வாஷர் சரியாக உட்காராது. சுருளோ புஷ்ஷோ உள்பக்கம் நீட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. நீட்டும் முனை நெருப்பாகப் பழுத்து, நேரம் வருவதற்குள் பெட்ரோலைப் பற்றவைத்துவிடும்.

இனி போகாமல் இருக்க...

மாட்டும் முன் பிளக் உட்காரும் இடத்தைத் துடைத்துவிடுங்கள். பிளக்கின் தலையில் சின்ன ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகி, அதைப் பிடித்துச் சுற்றி ஏற்றுங்கள். கோணலாகப் போனால் ஹோஸ் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். வாஷர் தொடும்வரை கையால்தான் ஏற்ற வேண்டும். பிறகு ஸ்பேனரில் புது பிளக்குக்கு அரைச்சுற்று. பழசுக்கு, கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு சின்ன முள் நகரும் தூரம் போதும்.

அதற்கு மேல் "இன்னும் ஒரு இழுப்பு" என்று கை துறுதுறுத்தால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவது பாக்கெட்டுக்கு நல்லது!